எங்கே நிறுத்தினாலும் ஆடும் பையன்: பள்ளி ரிசீவரை எடைபோடுவது எப்படி?

அமெரிக்காவில் இலையுதிர்காலத்து வெள்ளிக்கிழமை ராத்திரி என்றால் பள்ளிக்கூட ஃபுட்பால். விளக்குகள் எரியும், பேண்ட் முழங்கும், சின்ன ஊராக இருந்தால் பாதி ஊர் அலுமினியப் பலகைகளில் வந்து உட்கார்ந்திருக்கும். அப்படி ஓர் ஆட்டத்தில் 4ஆம் எண் சட்டை போட்ட பையன் ஒருவனை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எதிரணி உதைத்து அனுப்பும் முதல் பந்தைப் பிடித்து ஓடுகிறவன் அவன்தான். அப்புறம் இடது ஓரத்தில் நின்று ஒரு பாஸைப் பிடிக்கிறான். அடுத்த தடவை நடுப்பக்கம் நிற்கிறான். அதற்கடுத்த தடவை பந்தைக் கையிலேயே வாங்கிக்கொண்டு பக்கவாட்டில் பாய்கிறான். எதிரணி பந்தோடு வரும்போது தடுக்கவும் அவனே நிற்கிறான். பக்கத்தில் இருப்பவர் உங்கள் தோளைத் தட்டி, "இந்தப் பையன் எல்லாம் பண்றான் பாருங்க" என்கிறார்.

மேல்வரிசையில் ஒரு கல்லூரி அணியின் உதவிக் கோச் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். அவரும் அதே பையனைத்தான் பார்க்கிறார். ஆனால் அவர் மனதில் ஓடும் கேள்வி வேறு: இங்கே நாலு வேலை பார்க்கிறானே, எங்கள் கல்லூரியில் இவனை எந்த ஒரு வேலைக்கு எடுப்பது? மற்ற மூன்று வேலைகளும் அந்த ஒன்றைப் பற்றி என்ன சொல்கின்றன? பள்ளி ரிசீவர் ஒருவரை ஸ்கவுட் செய்வது என்றால், இந்த இரண்டு கேள்விக்கும் பொறுமையாக விடை தேடுவதுதான்.

இந்த ஆட்டத்தைப் பார்த்தே இராதவர்களுக்காக அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். பெயர் ஃபுட்பால் என்றாலும் பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். மைதானம் 100 கஜ நீளம். இரண்டு முனையிலும் 10 கஜத்துக்கு எண்ட் ஸோன். அணிக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. ஒவ்வொன்றையும் டவுன் என்பார்கள். நான்குக்குள் 10 கஜம் முன்னேறிவிட்டால் மறுபடியும் நான்கு கிடைக்கும். பந்தோடு எதிரணியின் எண்ட் ஸோனுக்குள் நுழைந்தால் டச்டவுன், 6 புள்ளி. முன்னேற இரண்டு வழி: பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடலாம், அல்லது குவாட்டர்பேக் அதை முன்னால் வீச, இன்னொருவர் பிடிக்கலாம்; இதுதான் பாஸ். அப்படிப் பிடிப்பதையே முதல் வேலையாக வைத்திருப்பவர்தான் ரிசீவர்.

ரிசீவர் என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன. கோச்சுகள் அவற்றுக்கு வைத்திருக்கும் பெயர்களைத் தெரிந்துகொண்டால் மற்றது சுலபம். ஓரத்தில், பந்து இருக்கும் கோட்டின் மேலேயே நிற்பவரை எக்ஸ் என்பார்கள். அவர் கோட்டில் நிற்பதால் அவரைத் தடுக்க நிற்கும் எதிரணியின் கார்னர்பேக் மூக்குக்கு நேராக வந்து நின்று, ஆட்டம் தொடங்கியதும் நெஞ்சில் கைவைத்துத் தள்ளலாம். இதற்கு பிரஸ் என்று பெயர். அதை உடைத்துக்கொண்டு கிளம்பத் தெரியாத எக்ஸ் அங்கேயே நின்றுவிடுவார். மறுபுறம் இசட். அவர் கோட்டிலிருந்து ஓரடி பின்னால் நிற்பார். அந்த ஓரடி இடைவெளியில் அவருக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். ஆட்டம் தொடங்கும் முன்பே பக்கவாட்டில் நகரவும் விதி அனுமதிக்கும். மூன்றாவது ஸ்லாட். ஓரத்து ரிசீவருக்கும் நடுவில் உள்ள கனத்த ஆட்களுக்கும் இடையில் நிற்பவர். அவர் இடப்பக்கமும் திரும்பலாம், வலப்பக்கமும் திரும்பலாம். ஆனால் அவர் போகும் பாதை எதிரணியின் தடுப்பாட்டக்காரர்களான லைன்பேக்கர்களும் சேஃப்டிகளும் நடமாடும் நெரிசல் தெரு. ஓரத்து ஆளுக்கு பலமும் உயரமும் உதவும். ஸ்லாட்டுக்கு அவசரமான கால்களும், அடி விழும் என்று தெரிந்தும் பந்தை விட்டுக் கண்ணை எடுக்காத தைரியமும் வேண்டும்.

ஆக, மூன்று இடத்திலும் ஆடக்கூடியவன் என்று ஒரு பையனைச் சொன்னால் அது பெரிய வார்த்தை. பள்ளியில் அந்த வார்த்தை ரொம்ப சுலபமாகக் கிடைத்துவிடுகிறது. பெரும்பாலான பள்ளிகளில் ஆள் பற்றாக்குறை. டெக்சஸில் 6ஏ என்ற பெரிய பள்ளிகள் பிரிவிலிருந்து 1ஏ வரை அடுக்கு வைத்திருக்கிறார்கள்; கடைசிப் படியான 1ஏ பிரிவில் பதினொரு பேரைச் சேர்ப்பதே சிரமம் என்பதால் ஆறு பேர் ஆட்டமே தனியாக நடக்கிறது. ஊரிலேயே வேகமான பையன் ஒருவன் இருந்தால் எந்தக் கோச்தான் அவனை ஓரமாக நிற்க வைத்துவிட்டுச் சும்மா இருப்பார்? பந்தை எப்படியாவது அவன் கையில் சேர்ப்பார். அது ஆட்டத்தை ஜெயிக்கும் வழி. அதனாலேயே பையனுக்கு ரிசீவர் வேலை தெரியும் என்று ஆகிவிடாது. அவனைவிட மெதுவான பதினாறு வயதுப் பையன்களைத் தாண்டி ஓடத் தெரியும் என்பது மட்டும் நிச்சயம். ஆட்களைத் தேர்வு செய்து மதிப்பிடும் தளங்களும் இப்படிப்பட்ட பையன்களை எந்த இடம் என்று குறிக்காமல் 'அத்லெட்' என்று ஒரு பிரிவில் போட்டுவிடுகின்றன. எந்த வேலை என்று முடிவு செய்வதைக் கல்லூரிக்கே விட்டுவிடுகிறார்கள் என்றுதான் அதற்கு அர்த்தம்.

சரி, வேலை தெரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது? ஒரே ஒரு முயற்சியை எடுத்து மெதுவாக ஓட்டிப் பார்ப்போம்.

ரிசீவர் ஓடும் பாதைக்கு ரூட் என்று பெயர். பல அணிகள் இந்தப் பாதைகளுக்கு எண் வைத்திருக்கின்றன. ஒற்றை எண் என்றால் ஓரக்கோட்டுப் பக்கம் திரும்பும் பாதை, இரட்டை எண் என்றால் நடுப்பக்கம். 9 மட்டும் நேராக, முழு வேகத்தில், நிற்காமல் ஓடுவது. நாம் பார்க்கப்போவது 4, அதாவது கர்ல். 9 ஓடப்போவதுபோல 12 கஜம் பாய்ந்து, சட்டென்று நின்று, குவாட்டர்பேக்கை நோக்கித் திரும்புவது. கேட்கச் சின்ன விஷயம். ஒரு ரிசீவரின் கல்வி மொத்தமும் இதற்குள் இருக்கிறது.

முதலில் நிற்கும் விதம். 4ஆம் எண் பையன் முன்காலில் எடை போட்டு நிற்கிறானா? பந்து அசைந்ததும் முதல் அடி முன்னால் போகிறதா, அல்லது உந்துவதற்காகக் காலை ஒரு முறை பின்னால் வைத்துவிட்டுக் கிளம்புகிறானா? அந்தப் பின்னடி பள்ளியில் யாருக்கும் தெரியாது. கல்லூரியில் அந்த நேரத்துக்குள் எதிராளியின் கை நெஞ்சில் இருக்கும். அடுத்து ரிலீஸ்: கார்னர்பேக்கின் கையைத் தட்டிவிட்டு, தோளைச் சாய்த்து, அவனைக் கடந்து போவது. கபடியில் ரெய்டு போகிறவர் உடம்பை ஒரு பக்கம் காட்டிக் காலை மறுபக்கம் போடுவது நமக்குத் தெரிந்ததுதானே, அதே வித்தைதான். பையன் தோளால் பொய் சொல்லி இடுப்பால் உண்மை சொல்கிறான் என்றால் நல்ல கார்னர்பேக் ஏமாற மாட்டான். அவன் கண் இடுப்பில்தான் இருக்கும்.

பிறகு அந்த 12 கஜம். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நல்ல ரிசீவர் எதிராளியின் கால்விரலைக் குறிவைத்து ஓடுவதுபோல நேராக வருவான். தலை குனிந்திருக்கும், கைகள் வேகமாக வீசும், 9 ஓடும்போது எப்படி இருப்பானோ அச்சு அசல் அப்படியே. எதிராளி, "இவன் என்னைத் தாண்டிவிடுவான்" என்று பயந்து இடுப்பைத் திருப்பி ஓடத் தொடங்கும் நொடி ஒன்று உண்டு. அந்த நொடிக்காகத்தான் இத்தனையும். பல பையன்கள் 8ஆம் கஜத்திலேயே வேகத்தைக் குறைத்து, நிமிர்ந்து, "நான் நிற்கப்போகிறேன்" என்று உடம்பால் சொல்லிவிடுவார்கள். நிற்கும்போதும் தடதடவென்று ஐந்தாறு சின்ன அடி வைத்துத்தான் நிற்பார்கள். தேர்ந்தவன் இடுப்பைத் தாழ்த்தி, நெஞ்சு முட்டிக்கு மேலேயே இருக்க, இரண்டு மூன்று அடியில் நின்று திரும்புவான். திரும்பியதும் அங்கேயே நின்று காத்திருக்காமல் பந்தை நோக்கி ஓரடி வருவான். பின்னாலிருந்து எட்டிக் கைநீட்டும் எதிராளிக்கு அந்த ஓரடியில்தான் பந்து கிடைக்காமல் போகும்.

இனி பிடிப்பது. பந்து நெஞ்சுக்கு மேலே வந்தால் இரண்டு கட்டைவிரலும் சேர வேண்டும். இடுப்புக்குக் கீழே வந்தால் இரண்டு சுண்டுவிரலும் சேர வேண்டும். கிரிக்கெட்டில் உயரமாக வரும் கேட்சுக்கும் தாழ்வாக வரும் கேட்சுக்கும் கையை மாற்றுகிறோம் அல்லவா, அதே காரணம்தான். முக்கியமாகப் பார்க்க வேண்டியது, பந்தை உடம்பைவிட்டுத் தள்ளி, கையை நீட்டி விரல்களால் பிடிக்கிறானா, அல்லது நெஞ்சுக்கு வரவிட்டு அணைக்கிறானா என்பது. நெஞ்சில் அணைப்பவனும் பள்ளியில் நிறையப் பிடிப்பான். ஆனால் நெஞ்சுக்கு வந்துசேரும் அந்த ஒன்றரை அடித் தூரத்தில் கல்லூரி டிஃபன்ஸ்காரர்கள் கையை நுழைத்துவிடுவார்கள்.

பந்தைத் தவறவிடுவதிலும் வகை இருக்கிறது. பிடிக்கும் முன்பே எங்கே ஓடுவது என்று பார்க்கத் தலையைத் திருப்பியதால் விழுந்த பந்து என்றால் நான் பெரிதாகக் கவலைப்பட மாட்டேன். அவசரம், பயிற்சியில் அடங்கிவிடும். பந்து கைக்கு வரும்போது கண்ணை மூடினான், அல்லது எதிராளி நெருங்கும் சத்தம் கேட்டுக் கையைச் சுருக்கினான் என்றால் அது வேறு கதை. ஸ்லாட்டில் நிற்க வைக்கலாமா என்று யோசிக்கும் கோச் இந்த ஒன்றுக்காக மட்டும் நாலு ஆட்டம் பார்ப்பார்.

வேகத்தைப் பற்றிப் பேசாமல் யாரும் விடமாட்டார்கள். 40 கஜ ஓட்டம் இந்த உலகத்தின் ஜாதகம் மாதிரி. ஆனால் பள்ளிப் பையன் ஒருவன் சொல்லும் 40 கஜ நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. கையால் ஸ்டாப்வாட்ச் அழுத்தி எடுத்த நேரம், மின்னணு நேரத்தைவிடப் பத்தில் ஒன்றிரண்டு வினாடி வேகமாகவே காட்டும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் பையன் வசந்தகாலத்தில் தடகளப் போட்டியில் 100 மீட்டரோ 200 மீட்டரோ ஓடினானா என்று பார்க்கிறார்கள். அங்கே மின்னணுக் கடிகாரம், பக்கத்துப் பாதையில் போட்டியாளர், எல்லாம் பதிவில் இருக்கும். கூடைப்பந்து ஆடினான் என்றால் இன்னும் நல்லது. கூட்டத்துக்கு நடுவே எம்பி, உச்சியில் பந்தைப் பறிப்பது அங்கே தினமும் நடக்கிற வேலை.

வேகம் ஒன்றையே பிடித்துத் தொங்கினால் என்ன தவறிப்போகும் என்பதற்கு ஆன்குவான் போல்டினைச் சொல்ல வேண்டும். ஃபுளோரிடாவில் ஓக்கிச்சோபி ஏரிக்கரையில் பஹோக்கி என்று ஒரு சின்ன ஊர். கரிய மண், சுற்றிலும் கரும்புக் காடு. அறுவடைக்கு முன் சோகையைக் கொளுத்தும்போது வெளியே பாயும் முயல்களைத் துரத்திப் பிடிப்பது அந்த வட்டாரத்துப் பையன்களின் விளையாட்டு. எங்கள் பிள்ளைகள் ஓடப் பழகியதே இப்படித்தான் என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். போல்டின் அங்கே பள்ளி அணியின் குவாட்டர்பேக். ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகம் அவரை ரிசீவராக மாற்றியது. 2003இல், தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாக எடுக்கும் தேர்வுக்கு முன் 40 கஜத்தை அவர் ஓடிய நேரம் 4.7 வினாடிக்கும் கொஞ்சம் அதிகம். ரிசீவருக்கு அது மெதுவான நேரம். 53 பேரை எடுத்த பிறகு, 54ஆவது ஆளாகத்தான் அரிசோனா அணி அவரை எடுத்தது. தன் முதல் ஆட்டத்திலேயே, டெட்ராய்ட்டில், அவர் 10 பாஸ் பிடித்து 217 கஜம் சேர்த்தார். அந்தப் பருவம் முடியும்போது 101 பாஸ். எதிராளிக்கும் பந்துக்கும் நடுவில் தன் உடம்பை வைக்கத் தெரிந்த ரிசீவர் அவர். பிடித்த பிறகு அவரை ஒற்றை ஆள் கீழே தள்ளுவது கடினம். இது எதுவும் ஸ்டாப்வாட்சில் விழாது.

போல்டின் கதையில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. பள்ளியில் குவாட்டர்பேக்காக ஆடிய பையன் ரிசீவராக மாறும்போது ஒரு சொத்தோடு வருகிறான்: பந்து வீசுகிறவன் கண்ணால் மைதானத்தைப் பார்த்துப் பழகியிருக்கிறான். டிஃபன்ஸ் எங்கே பலமாக நிற்கிறது, எந்த இடம் காலியாகும் என்பது அவனுக்குப் பாடமாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜூலியன் எடல்மன் கலிஃபோர்னியாவில் பள்ளியிலும், பிறகு ஒஹையோவின் கென்ட் ஸ்டேட்டிலும் குவாட்டர்பேக்தான். 2009 தேர்வில் கடைசிச் சுற்றில், 232ஆவது ஆளாக எடுக்கப்பட்டு, நியூ இங்கிலாந்து அணியில் ஸ்லாட் வேலையைப் புதிதாகக் கற்றார். பத்து வருஷம் கழித்து, என்எஃப்எல் பருவத்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் (53ஆவது) 10 பாஸ், 141 கஜம், ஆட்டநாயகன் விருது. ஆகவே 4ஆம் எண் பையன் அவ்வப்போது குவாட்டர்பேக் இடத்திலும் நிற்கிறான் என்றால், அவன் எறிவது அழகாக இருக்கிறதா என்று நான் பார்க்க மாட்டேன். எறியும் முன் எங்கே பார்க்கிறான் என்று பார்ப்பேன்.

பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு பக்கவாட்டில் ஓடும் ஆட்டம், உதைத்த பந்தைத் திருப்பிக் கொண்டுவருவது, இவற்றில் தெரிவது இன்னொரு குணம். எதிராளிகள் ஓடிவரும்போது இவன் எப்போது பொறுக்கிறான், எப்போது பாய்கிறான்? தடுத்துக்கொடுக்கும் தன் ஆளின் முதுகைப் பார்த்து ஓடுகிறானா? இதை வைத்தே ஓர் ஆட்டக்காரரின் பருவம் மாறிய கதை டீபோ சாமுவேலுடையது. 2021இல் சான் ஃபிரான்சிஸ்கோ அணி அவரை ரிசீவராகவும், பந்தைக் கையில் வாங்கி ஓடும் ரன்னிங் பேக்காகவும் மாற்றி மாற்றி நிறுத்தியது. பிடித்து 1,405 கஜம். ஓடி இன்னொரு 365 கஜம், அதில் 8 டச்டவுன். அவர் தன் வேலைக்குத் தானே 'வைட் பேக்' என்று ஒரு பெயர் வைத்துக்கொண்டார். அந்த வருஷத்துக்குப் பிறகு பள்ளி அணிகளிலும் 'எங்க சாமுவேல்' என்று ஒரு பையன் கிளம்பிவிட்டான். ஆனால் சாமுவேல் முதலில் கைதேர்ந்த ரிசீவர் என்பதை மறந்துவிடக் கூடாது. டிஃபன்ஸ் அவருடைய பாஸுக்குப் பயந்ததால்தான் ஓட்டத்துக்கு இடம் கிடைத்தது.

இனி, பந்து கையில் இல்லாத நேரம். என் கணிப்பில் ஸ்கவுட்டுக்கு அதிகம் கற்றுக்கொடுப்பது இதுதான். ஓர் ஆட்டத்தில் அணி அறுபது முயற்சி ஆடினால், நல்ல ரிசீவருக்கே பந்து வருவது பத்துப் பன்னிரண்டு தடவை இருக்கும். மற்ற நேரமெல்லாம் என்ன செய்கிறான்? பந்தோடு ஓடுவது வேறு ஆளாக இருக்கும்போது ரிசீவர் தன்னெதிரே இருப்பவரைத் தடுத்து நிறுத்த வேண்டும். மைதானத்தின் மறுகோடியில் ஓட்டம் நடக்கும்போது கையை இடுப்பில் வைத்து வேடிக்கை பார்க்கிறானா? பாஸ் தனக்கு வராது என்று தெரிந்த ரூட்டை அரைகுறையாக ஓடுகிறானா? எல்லா இடத்திலும் ஆடும் பையனுக்கு இதில் ஒரு நியாயமான சங்கடமும் உண்டு. தாக்குதலிலும் தடுப்பிலும் மாறி மாறி ஓடிக் களைத்திருப்பான்; மூன்றாம் கால்பகுதியில் ஒரு ரூட்டை மெதுவாக ஓடினால் அது சோம்பலா, களைப்பா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். முதல் கால்பகுதியிலும் அப்படியே ஓடினானா என்று பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும்.

இதையெல்லாம் நேரில் பார்க்க எத்தனை ஊருக்குப் போக முடியும்? அதனால் முதல் சல்லடை வீடியோதான். நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் 2006இல் தொடங்கிய ஹடல் என்ற சேவை வழியாகத்தான் பெரும்பாலான பள்ளிகளின் ஆட்டப்பதிவு கல்லூரிகளுக்குப் போகிறது. பையன்கள் தங்கள் சிறந்த துணுக்குகளைத் தொகுத்து மூன்று நான்கு நிமிடப் படமாக அனுப்புவார்கள். அதைப் பார்த்து ஆளைத் தெரிந்துகொள்ளலாம், எடைபோட முடியாது. கல்யாண ஆல்பத்தைப் பார்த்துக் குடும்பத்தை எடைபோடுவது மாதிரி ஆகிவிடும். முழு ஆட்டத்தின் பதிவைக் கேட்டு வாங்கி, அந்த அணி தோற்ற ஆட்டத்தை முதலில் பார்ப்பது நல்ல பழக்கம்.

பதிவைப் பார்க்கும்போது பள்ளி மைதானத்தின் ஒரு குணத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒவ்வொரு முயற்சியும் மைதானத்தின் குறுக்கே ஹேஷ் எனப்படும் இரண்டு குறிகளுக்கு இடையில்தான் தொடங்கும். பள்ளியில் இந்தக் குறிகள் அகலத்தைச் சரியாக மூன்றாகப் பிரிக்கின்றன. பந்து ஒரு குறியில் இருந்தால் அகலமான பக்கத்தில் ஏறத்தாழ 35 கஜம் திறந்து கிடக்கும். கல்லூரியில் அது கொஞ்சம் குறையும். என்எஃப்எல்லில் 30 கஜத்துக்கும் கீழே. பள்ளியில் பையன் தனியாக நிற்பதுபோலத் தெரிவது பாதி அவன் திறமை, மீதி அந்தப் பரந்த வெளி. ஒரு சின்ன விஷயம், ஓரக்கோட்டருகே பிடிக்கும்போது பள்ளியிலும் கல்லூரியிலும் ஒரு கால் உள்ளே பட்டால் போதும், என்எஃப்எல்லில் இரண்டு காலும் பட வேண்டும். யாரும் கேட்காமலே இரண்டு காலையும் உள்ளே இழுத்து வைக்கும் பதினேழு வயதுப் பையனைப் பார்த்தால் நான் அந்த இடத்தில் வீடியோவை நிறுத்தி மறுபடி ஓட்டுவேன்.

கோடையில் நடக்கும் ஏழு பேர் ஆட்டங்களும் உண்டு. அதில் கனத்த முன்வரிசை கிடையாது, இடித்துத் தள்ளுவதும் கிடையாது, பாஸ் மட்டும். ரூட் ஓடும் அழகும் கையின் தரமும் அங்கே நன்றாகத் தெரியும். நெரிசலில் அடி வாங்கிக்கொண்டு பிடிப்பானா என்பது தெரியவே தெரியாது.

இரண்டு பக்கமும் ஆடும் பையனைப் பற்றிப் பேசினால் உடனே டிராவிஸ் ஹன்டர் பெயர் வரும். ஜார்ஜியாவில் காலின்ஸ் ஹில் பள்ளியில் ரிசீவராகவும் கார்னர்பேக்காகவும் ஆடியவர். முதலில் ஜாக்சன் ஸ்டேட், பிறகு கொலராடோ. 2024இல் கொலராடோவுக்காக 96 பாஸ் பிடித்து 1,258 கஜம், 15 டச்டவுன். தடுப்பில் 4 இன்டர்செப்ஷன், அதாவது எதிரணி வீசிய பாஸைப் பறித்தது. ஓர் ஆட்டத்தில் நூறு முயற்சிக்கு மேல் களத்தில் நின்றார். சிறந்த ரிசீவருக்கான பிலட்னிகாஃப் விருதும், சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான பெட்னரிக் விருதும், இரண்டுக்கும் மேலான ஹைஸ்மன் விருதும் அவருக்கே. அவரை மனதில் வைத்து மற்றப் பையன்களை அளப்பது அநியாயம். இரண்டு பக்கமும் ஆடுவதை வேறுவிதமாகப் பயன்படுத்தலாம். கார்னர்பேக்காக நிற்கும் பையன், எதிரே வரும் ரிசீவரின் இடுப்பைப் படிக்கக் கற்றுக்கொள்கிறான். தான் ரிசீவராகும்போது எதை மறைக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. மோதுவதற்குப் பயப்படுகிறானா என்பதும் அவன் டேக்கிள் செய்யும் விதத்தில் தெரியும்.

நட்சத்திர மதிப்பீடுகளைப் பற்றிக் கொஞ்சம். 247ஸ்போர்ட்ஸ் போன்ற தளங்கள் நாடு முழுக்கச் சுமார் 32 பேருக்கு ஐந்து நட்சத்திரம் தருகின்றன; என்எஃப்எல் தேர்வின் முதல் சுற்றில் 32 பேர் என்ற கணக்கிலிருந்து வந்த எண்ணிக்கை அது. பெரிய பயிற்சி முகாமுக்குப் போன பையனுக்கு நட்சத்திரம் கிடைப்பது சுலபம், கண்காணாத ஊர்ப் பையனுக்குச் சிரமம். வாஷிங்டன் மாநிலத்து யாக்கிமாவில் பள்ளி முடித்த கூப்பர் கப்புக்கு முதல்நிலைக் கல்லூரிகளில் ஒன்றுகூட ஸ்காலர்ஷிப் தர முன்வரவில்லை. ஒரு படி கீழே உள்ள ஈஸ்டர்ன் வாஷிங்டனுக்குப் போனார். 2021 என்எஃப்எல் பருவத்தில் பாஸ் 145, கஜம் 1,947, டச்டவுன் 16 என்று மூன்றிலும் அவரே முதலிடம். அந்தப் பருவத்தின் சூப்பர் பவுலிலும் ஆட்டநாயகன். ஸ்லாட்டிலும் ஆடினார், ஓரத்திலும் ஆடினார். ரூட் ஓடும் நுணுக்கத்தை யாக்கிமாவுக்குப் போய்ப் பொறுமையாகப் பார்க்க அன்றைக்கு யாரும் மெனக்கெடவில்லை.

உடம்பும் இன்னும் முடிவாகாத வயது அது. பதினாறு வயதில் ஒல்லியாக ஸ்லாட்டில் நிற்கும் பையன் பத்தொன்பதில் இரண்டு அங்குலம் வளர்ந்து எக்ஸ் ஆகலாம். அதனால் ஸ்கவுட்டுகள் கை நீளம், உள்ளங்கை அகலம், தோள் அமைப்பு எல்லாம் அளப்பார்கள். ஆட்டம் முடிந்து வெளியே காத்திருக்கும் அப்பா அம்மாவின் உயரத்தையும் கவனிப்பார்கள். படிப்பும் பார்க்க வேண்டியதுதான்: முதல்நிலைக் கல்லூரி ஆட்டத்துக்குத் தகுதி பெற 16 அடிப்படைப் பாடங்களில் 4க்கு 2.3 சராசரி வேண்டும். அது இல்லையென்றால் மேலே சொன்ன எதற்கும் பயனில்லை.

மேல்வரிசைக் கோச்சிடம் திரும்பி வருவோம். ஆட்டம் முடிந்தபோது அவர் நோட்டில் 4ஆம் எண்ணுக்கு இப்படி இருக்கலாம். இன்றைக்கே செய்யக்கூடியது: ஸ்லாட், உதைத்த பந்தைத் திருப்பிக் கொண்டுவருவது. இரண்டு வருஷத்தில் ஆகக்கூடியது: இசட். கை நல்ல கை, நீட்டிப் பிடிக்கிறான். கர்ல் ஓடும்போது சீக்கிரமே நிமிர்கிறான், திருத்தலாம். நாலாம் கால்பகுதியில், 20 புள்ளி முன்னிலையில் இருந்தபோது, மறுகோடியில் நடந்த ஓட்டத்துக்கும் எதிராளியை விடாமல் தடுத்தான். எக்ஸ்: தெரியவில்லை, இன்று எதிரே நின்ற கார்னர்பேக் ஒரு தடவைகூட நெருங்கி வந்து கைவைக்கவில்லை.

கடைசி வரிக்கு அடியில் கோடு போட்டிருக்கிறார். பையனுடைய அணியின் மீதி ஆட்டங்களின் பட்டியலைப் புரட்டி, முன்னே வந்து பிரஸ் ஆடும் கார்னர்பேக் உள்ள அணி எது என்று தேடி, அந்த வெள்ளிக்கிழமையைச் சுற்றி வட்டம் போடுகிறார்.